முட்டுக்கட்டையில் ஒரு டேஷ்போர்டு

பேய் பிசாசுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவற்றுக்கும் என்மீது நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. நாற்பது வயதுவரை ஒன்றுகூட என்னைத் தேடி வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான், நிரூபிக்காத விடைக்கு மார்க் போடாதவன். ஆகவே இதைப் படித்துவிட்டு வாத்தியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன், நானே இரண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன், ஆனால் நடந்தது காலை ஏழு மணிக்கு, அப்போது வெயிலே ஏறவில்லை.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், கூரை கிடையாது, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது, அதற்குள் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்த ஜோடி மாட்டைக் கொடுத்துவிட்டு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். "மாடுன்னா ஹோன்னா நிக்கும். இது நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையான கேள்வியாக இருந்தது.

லாரி மெக்கானிக் காதர் பாயும் நானும் இரண்டரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்குள் போட்டோம். கிடைக்காத சாமானை அவர் செய்தார், செய்ய முடியாததை வேறு வண்டியிலிருந்து வெட்டி ஒட்டினார். முன்கண்ணாடியைக் கீல் வைத்து முன்பக்கமாக மடக்குகிற மாதிரி மாற்றினோம், மடக்கிவிட்டால் வண்டியின் உயரம் இடுப்புக்குக்கூட வராது, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் தலைதான் மேலே தெரியும். உடம்புக்கு அரக்கு நிறம், பக்கவாட்டில் கீழே மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டை. காஞ்சிபுரத்தில் பார்டர் இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

மதராஸில் இந்தப் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கூடி, ஒருவர் வண்டியின் பானெட்டுக்குள் மற்றவர் தலையை விட்டு வியப்பதுதான் வேலை. தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு குழந்தை வைத்தியர், பச்சை வண்டிக்காரர். ஒருமுறை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். ஒவ்வொரு வண்டியிலும் டேஷ்போர்டு வால்நட் மரம், முகம் தெரிகிற பாலிஷ். என் வண்டியில் கறையான் தின்ற இடத்தில் காதர் பாய் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடித்திருந்தார். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், டின் கூட ஒரு ஐடியாதான்" என்றார். குழந்தைக்கு ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரலில்.

அதற்கடுத்த கூட்டத்தை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மரம் தேடி ஏகாம்பர ஆசாரி பட்டறைக்குப் போனேன். அவரிடம் இருந்த தேக்கு எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த கட்டைதான் பிடித்தது. கறுத்து, எண்ணெய் ஊறி, ரேகை ரேகையாக ஓடிய மரம்.

"இத்த கேக்காதீங்க சார்" என்றார். "இது முட்டுக்கட்டை. தேருக்குப் போடறது. தேஞ்சி போச்சின்னு புதுசு செய்யச் சொன்னாங்கோ, பழசு இங்கியே கெடக்குது."

வடம் பிடிப்பவர்கள் இழுத்துக்கொண்டே போவார்கள், அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுகிறவன்தான் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும். இதெல்லாம் எனக்கும் தெரியும், வருஷா வருஷம் பார்ப்பதுதானே.

"தேஞ்சதுதானே ஆசாரி. நீங்க உக்காரலாம், நான் டேஷ்போர்டு பண்ணக் கூடாதா?"

"நான் தரையில போட்டு உக்கார்றேன். நீங்க கீழ போடற கட்டைய மேல வெக்கிறேன்றீங்களே."

"அதுக்கும் ஒரு பிரமோஷன் வேணாமா? எனக்குத்தான் பதினாலு வருஷமா வரல."

ஆசாரி சிரிக்கவில்லை, ஆனாலும் அறுத்துக் கொடுத்தார். இரண்டு பலகை சேர்த்து, வண்டியின் அகலத்துக்கு அச்சாக உட்கார்ந்தது. நாலு ஸ்க்ரூ. பாலிஷ் போட்டதும் அதில் என் முகம் தெரிந்தது, முகத்தைவிட நன்றாகவே தெரிந்தது.

மாட்டிய மறுநாள் காலையில் என் வீட்டுக் கொட்டகையில் வண்டி நான் விட்ட இடத்திலிருந்து ஒரு சாண் முன்னால் நின்றது. அதற்கு மறுநாளும் ஒரு சாண். ஹேண்ட்பிரேக்கை இறுக்கச் சொன்னேன். "தரை வாட்டம்" என்றார் காதர் பாய். நானும் சரி என்றேன். கணக்கு வாத்தியார்தான், ஆனால் ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஞாயிறு வந்தது. ஆறரைக்கெல்லாம் மதராஸ்காரர்கள் மூன்று வண்டிகளில் வந்து இறங்கிவிட்டார்கள். என் வண்டியைத் தெருவுக்குத் தள்ளி நிறுத்தினோம். டாக்டர் உள்ளே குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார், விரலால் தடவினார், மறுபடியும் தடவினார். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். முன்கண்ணாடியை மடக்கிக் காட்டினேன், கைதட்டினார்கள். எஞ்சினைப் போட்டுக் காட்டலாம் என்று நான் ஏறி உட்கார்ந்தேன், பக்கத்து சீட்டில் காதர் பாய். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. பேட்டரி வயரை இன்னும் மாட்டவில்லை, கழற்றின முனை காதர் பாயின் துணிப்பைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் இதற்குத்தான் யாரும் மார்க் போட மாட்டேன் என்கிறார்கள்.

வண்டி நகர்ந்தது.

ஓடவில்லை, நகர்ந்தது. மனிதர் நடக்கிற வேகம்தான். நாலைந்து அடி போகும், ஒரு கணம் தயங்கும், பிறகு ஒரு தம் கட்டுகிற மாதிரி முன்னால் ஒரு உலுக்கல், மறுபடி நாலைந்து அடி. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது, ஒன்றுமில்லை. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கியரைப் போட்டேன். எங்கள் தெரு திருவிழாவில் தேர் ஓடுகிற தெரு, ஒரே மட்டம், வாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இன்னா வாத்யாரே, நீதான் ஓட்றியா?" என்றார் காதர் பாய்.

"சாவி பையில இருக்குது பாய்."

அவர் பேட்டரி வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

பின்னால் மதராஸ்காரர்களுக்கு ஒரே குஷி. நான் ஊர்வலமாக ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று நினைத்து மூன்று வண்டிகளையும் கிளப்பிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "வாத்யார் மாப்பிள்ள அழைப்புக்குப் போறாருபா" என்றான் ஒருத்தன். "பொண்ணு எங்க, பாயா?" என்றான் இன்னொருத்தன். நான் நிறுத்த முடியவில்லை என்று கத்தினேன். அவர்களுக்குச் சிரிப்பு அதிகமாயிற்று.

முனையில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. நான் பிடித்திருந்தேன், என் கையையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது. வலப்பக்கம். தேர் திரும்புகிற பக்கம்.

திரும்பினதும் தெருவின் கோடியில் அது கண்ணில் பட்டது. பாவு போட்டிருந்தார்கள்.

நெசவாளர் வீட்டுச் சங்கதி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை நீளவாட்டில் தெருவில் இழுத்துக் கட்டி, கழிகள் முட்டுக் கொடுத்து, இழை இழையாகச் சீர் செய்வார்கள். அதுதான் பாவு. அந்த இடத்தில் சந்து குட்டை, பாவு நீளம், ஆகவே வெயில் ஏறுவதற்குள் அந்தத் தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ச்சந்துவரை இழுத்திருப்பார்கள், ரயில்வே கேட் போட்ட மாதிரி. வண்டிகள் காத்திருக்கும். நடக்கிறவர்கள் பாவைத் தொடாமல் குனிந்து அடியில் போவார்கள், எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் பழக்கம்.

அன்றைக்குப் போட்டிருந்தது தனம்மா வீட்டுப் பாவு. மூன்று முகூர்த்தப் புடவைக்கானது. புருஷனுக்குக் கண் மங்கிவிட்ட பிறகு அந்த வீட்டில் அவளும் மாமியாரும்தான் எல்லாம், அவள் பெண் என்னிடம்தான் கணக்குப் படிக்கிறாள். ஆயிரக்கணக்கான இழை. அதற்குள் ஒரு கார் புகுந்தால் அதைக் கோர்த்து முடிச்சுப் போட்டு மீட்க முடியாது, வாரித் தூக்கி எறிய வேண்டியதுதான், அத்தோடு அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் போயிற்று.

"தனம்மா, பாவை எடு" என்று கத்தினேன். எழுபது அடிப் பாவை எப்படி எடுப்பாள். பாவின் ஓரத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். "சார், நிறுத்துங்க சார். சார், ஒங்க காலப் புடிக்கிறேன்." நிறுத்த மாட்டேன் என்றா சொல்கிறேன்.

காதர் பாய் குதித்தார். ஒரு செங்கல்லைச் சக்கரத்தில் போட்டார், பொடியாயிற்று. யார் வீட்டு வாசலிலோ கிடந்த உடைந்த ஆட்டுக்கல்லை உருட்டினார், வண்டி அதைத் தள்ளிக்கொண்டே போனது. பிறகு முன்னால் போய்ப் பம்பரில் தோளைக் கொடுக்கப் பார்த்தார். இரண்டு முறை போனார், இரண்டு முறையும் பக்கவாட்டில் ஒதுங்கித் தள்ளாடித் திரும்பிவந்தார். லாரி எஞ்சினைத் தனியாகத் தூக்குகிற மனுஷன்.

"முன்னாடி நிக்க முடியல வாத்யாரே" என்றார் மூச்சு வாங்க. "ஒரே நெரிசலா இருக்குது."

முன்னால் யாருமே இல்லை. காலித் தெரு, அதற்கப்பால் பாவு.

அப்போதுதான் ஆசாரி சொன்னது என் மண்டையில் ஏறியது. கீழே போடுகிற கட்டை. "பாய், டேஷ்போர்டைக் கழட்டுங்க" என்றேன். ஏன் என்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான். உள்ளே தாவித் திருப்புளியை எடுத்தார். முதல் ஸ்க்ரூ வந்தது. பாவுக்கு முப்பது அடி. இரண்டாவது வந்தது. மூன்றாவதை அழகுக்காக நானே பித்தளையில் போட்டு, தலையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தேன், திருப்புளி வழுக்கியது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அலங்காரம். பாய் நாலாவதைக் கழற்றிவிட்டு, பித்தளை ஸ்க்ரூவோடு சேர்த்து இரண்டு கையால் பலகையைப் பிடித்துக் காலை உதைத்து இழுத்தார். மீட்டர், வயர் எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. அப்படியே முன்சக்கரத்தின் முன்னால் எறிந்தார்.

வண்டி நின்றது.

ஒரு அங்குலக் கனம் பலகை. செங்கல்லைப் பொடியாக்கிய சக்கரம் அதன் விளிம்பைத் தொட்டு நின்றது. பம்பருக்கும் பாவுக்கும் நடுவே என் கை அகலம் இருந்தது, பின்னால் நானே வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "என்ன கண்ட்ரோல் சார். இவ்வளவு ஸ்லோவா கிளட்ச்ல பிடிச்சுக்கிட்டு வர எங்கள்ல ஒருத்தராலயும் முடியாது" என்றார். அங்கேயே என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். டேஷ்போர்டை ஏன் பிய்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் குனிந்து பித்தளை ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தேன்.

அவர்கள் போன பிறகு காதர் பாய் என்னை முன்பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். பம்பரின் இரண்டு முனையிலும் மணிக்கட்டுக் கனத்துக்கு, கயிறு அறுத்த மாதிரி நிக்கல் தேய்ந்து உள் உலோகம் தெரிந்தது, தென்னைநாரின் பொடி ஒட்டியிருந்தது. போன வாரம்தான் முலாம் பூசிக் கொண்டுவந்தோம். "இத்த நான் பாக்கல, நீயும் பாக்கல" என்று சொல்லி அவரே துண்டால் துடைத்தார்.

இதையும்கூட நான் எப்படியோ சமாளித்துவிடுவேன். உராய்வு, வாட்டம், பாயின் கைப்பிசகு என்று ஏதாவது எழுதிக் கூட்டிக் கழித்து விடை கொண்டுவந்துவிடலாம். மன்னிப்புக் கேட்கச் சாயங்காலம் தனம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

அவள் கோபமாக இல்லை. பாவைச் சுற்றி எடுத்து உள்ளே வைத்திருந்தாள். "ஒரு இழகூட அறல சார். அவங்கோ பதனமாத்தான் போனாங்கோ" என்றாள்.

"எவங்க?"

"நீங்க அந்த முனையில திரும்பறச்சவே பாவு ஆட ஆரம்பிச்சிது சார். காத்து இல்ல. ரெண்டு வரிசையா, ஒருத்தர் பின்னால ஒருத்தர் அடியில குனிஞ்சி போனா முதுகு பட்டும் படாமயும் ஆடும் பாருங்க, அப்பிடி. ஆளு கண்ணுக்குத் தெரியல. நான் ஒங்களத்தான் நிறுத்தச் சொன்னேன், அவங்களுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல." சுற்றி வைத்த பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "கடைசியில யாரோ ஒருத்தர் நடுவுல நின்னு பாவை ஒசத்திப் புடிச்சிக்கினாரு சார். ரெண்டு முழம் ஒசந்திச்சி, நீங்க குனிஞ்சி பலகையவே பாத்துக்கினு இருந்தீங்க. நீங்க வர்றவரிக்கும் அப்பிடியே புடிச்சிக்கினு இருந்தாரு. நீங்க நின்னுட்டீங்க. கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்பறம் மெதுவா உட்டுட்டாரு."

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓட்டுவதில்லை. டாக்டர் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார், நான் ஏதாவது சாக்குச் சொல்கிறேன். முன்சக்கரத்துக்கு அடியில் அந்தப் பலகை கிடக்கிறது, மீட்டர்களுக்குப் போட்ட ஓட்டைகளோடு. தினம் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

கண்ணாடியை மடக்கியிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அவர் உயர்த்திப் பிடித்த இரண்டு முழம் வண்டி போகத் தாராளம், நான் தலையைக் கொஞ்சம் குனிந்தால் போதும், என்னையும் அந்தப் பக்கம் கூட்டிப்போகத்தான் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கம் எதிர்த்தாற்போல் பால் டிப்போவும் ஒரு சைக்கிள் கடையும்தான், எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இருந்தாலும் அந்த முனையில் பாவு போட்டிருந்தால், எல்லோரும் குனிந்து போகிறார்கள், நான் மட்டும் நாலு தெரு சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.