சிவப்பு மக்கும் மஞ்சள் ஸ்டூலும்

குப்பை பொறுக்கும் வேலைக்கு எம்.எஸ்ஸி. வேதியியல் படித்திருக்க வேண்டும், முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் எனக்கு அந்த வேலை அப்படித்தான் கிடைத்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகம். பதவியின் பெயர் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், அடைப்புக்குறிக்குள் 'தற்காலிகம்'. அந்த ஒரு சொல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்றுதான் கவலை, நமக்கு அடுத்த மாதம் வருமா என்றே கவலை.

பிளாஸ்டிக் என்பது வெறும் பிளாஸ்டிக் இல்லை. சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று இருப்பதற்காகக் காட்மியம், காரீயம் கலந்த சாயங்களை அதில் போடுவதுண்டு. அது தோட்டில், அதாவது ஊர் ஓடையில், விழுந்து, வெயிலில் வெளுத்து, நொறுங்கும்போது உள்ளே இருப்பதை மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். போதாததற்கு, சாக்கடையில் வரும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் மேலே ஒட்டவைத்துக்கொண்டு கடல்வரை போகும். எதை எவ்வளவு சுமக்கிறது, எவ்வளவு கக்குகிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அளப்பவர் டீச்சர். கேரளத்தில் கல்லூரிப் பேராசிரியையும் டீச்சர்தான். பொறுக்குபவன் நான்.

காலியாக ஒரு ஸ்டூல்

நான் தங்கியிருந்தது ஆரியசாலையில், மாமா வீட்டில். அம்மாவின் தம்பி. நாகர்கோவிலிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை போட்டு நிமிர்ந்தவர். வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று காட்டுவார். அவருடைய உடம்புக்கு அது பெரிய கேரண்டி. வீட்டில் அத்தையின் சமையலறை மட்டும் முழுக்க எவர்சில்வர். பிளாஸ்டிக் கடைக்காரர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர்கூடக் கிடையாது. அத்தைக்கு எவர்சில்வர் மோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை வாசலில் வெயில் விழும் இடத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் காலியாகக் கிடக்கும். கால் வலிக்கிறதென்று யாராவது உட்காரப் போனால், "அது மருமவனுக்குள்ளது" என்று மாமா எழுப்பிவிடுவார். என் ப்ராஜெக்ட் என்றைக்காவது நிற்கும், அன்றைக்கு நான் வந்து அதில் உட்கார்ந்து பக்கெட்டும் மக்கும் விற்பேன் என்பது அவருடைய கணக்கு. உட்காரவே கூடாது என்பது என் வாழ்க்கை லட்சியம். வேலையில் சேர்ந்த அன்று, வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சிவப்பு மக்கைக் கொடுத்தனுப்பினார். டீச்சரும் மறுக்காமல் வாங்கி ஆய்வகத்தில் வைத்தார். அன்று மாமா சொல்லி அனுப்பியது:

"லேய் மருமவனே, நீ குப்பையில கெடந்து தேடப்போறத நான் கடையில புதுசாட்டே அடுக்கி வச்சிருக்கேன். பேசாம இங்க வந்து இரி."

தொழில் போட்டி

தம்பானூர்ப் பக்கம் தோட்டில் முழங்கால் சேற்றில் நின்று பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதே தோட்டில் சாக்கோடு ஒரு அம்மா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல பாட்டில்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நானோ வெளுத்தது, வெடித்தது, தொட்டால் பொடியாவது என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். பழசாகப் பழசாகத்தான் எங்களுக்கு மதிப்பு. அவர் வெகுநேரம் என்னைக் கவனித்தார். போட்டிக்கு வந்தவன் என்ற கோபம் முதலில் முகத்தில் இருந்தது. அப்புறம் என் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. தன் சாக்கிலிருந்து உருப்படியான இரண்டு பாட்டில்களை எடுத்து என் சாக்கில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"படிக்கிற வயசுல ஒழுங்காப் படிச்சிருந்தா, இப்படி ஒண்ணுக்கும் ஒதவாததப் பொறுக்கிட்டு நிக்க வேண்டாம்லா தம்பி."

பஸ்ஸில்

அந்தச் சாக்கோடு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். தோட்டுச் சேறு காயாத பிளாஸ்டிக்கின் வாசனையை நான் வர்ணிக்கப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களாக இருக்கலாம். பின்பக்கம் இருந்தவர்கள் முன்பக்கம் போய்விட்டார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பஸ்ஸில் மீன் ஏற்றக் கூடாது என்றார். மீன் இல்லை, பிளாஸ்டிக் என்று திறந்து காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டு விசிலைத் தேடினார்.

"மீனாயிருந்நெங்கில் ஞான் சகிச்சேனே. எறங்கு சாரே, எறங்கு."

எத்தனை பவுன்?

சங்குமுகம் கடற்கரையில் வேலை கொஞ்சம் நாகரிகமானது. மணலில் முட்டிபோட்டு, சின்னக் குறட்டால் பிளாஸ்டிக் மணிகளையும் துணுக்குகளையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சாயங்காலம் காற்று வாங்க வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்து நின்றது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் முட்டிபோட்டார். அவர் மனைவி போட்டார். பிள்ளைகளும் போட்டார்கள். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேரளத்தில் உதவிக்குப் பஞ்சமில்லை, எதற்கு என்றுதான் கேட்க மாட்டார்கள். நானும் விஞ்ஞானத்தில் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போனேன். நல்ல இருட்டு கட்டும்போதுதான் அவர் என் காதோடு, "மாலையோ வளையோ? எத்ர பவன்?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் மெதுவாக எழுந்து முட்டி மணலைத் தட்டினார். காலி பாப்கார்ன் கவரைக் குப்பைத்தொட்டியில் போடப்போன மனைவியைக் கூப்பிட்டார்.

"எடீ, ஆ பாப்கார்ன் கவர் இவிடெ இட்டேக்கு. சாரினு வேண்டியதா."

வேர்க்குரு பவுடர்

ஆய்வகத்துக்குள் டீச்சரின் சட்டம் கடுமை. நாங்கள் தேடுவது துளியிலும் துளி. அதனால் மோதிரம், சில்லறைக் காசு, நெற்றியில் குங்குமம் எதுவும் உள்ளே வரக் கூடாது. அட்டெண்டர் மணியண்ணன் தினமும் பழவங்காடி கணபதியைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர். வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போய்க் கும்பிடுவார். துடைத்ததற்கு மன்னிப்பு.

ஒரு சித்திரை மாதம் எங்கள் கடற்கரைப் பிளாஸ்டிக்கில் துத்தநாகம் தாறுமாறாக ஏறியது. கடலில் என்ன நடக்கிறதென்று டீச்சர் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் நான் குனிந்து கண்ணாடிக் குடுவையை எடுக்கும்போது என் கழுத்திலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்ததைக் கண்டுபிடித்தார். வேர்க்குருவுக்கு நான் அள்ளி அப்பியிருந்த பவுடர். டப்பாவை வாங்கிப் படித்தார், துத்தநாக ஆக்ஸைடு என்று போட்டிருந்தது.

"தோட்டிலெ பிளாஸ்டிக்கினெப் பற்றியாணு ஞான் ப்ராஜெக்ட் எழுதியது. தன்றெ கழுத்தினெப் பற்றியல்ல."

வெறும் தண்ணீர்

அதோடு நின்றிருக்கலாம். ப்ராஜெக்ட்டைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய வெளியூரிலிருந்து நிபுணர் வரப்போகிறார் என்று கடிதம் வந்த சமயத்தில்தான் 'ப்ளாங்க்' கெட்டுப்போனது.

ப்ளாங்க் என்றால் வெறும் வடிநீர். எந்தக் குப்பையும் போடாத சுத்தத் தண்ணீரை இயந்திரத்துக்குக் கொடுத்தால், அது 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்ற அளவுகளை உலகம் நம்பும். எங்கள் வெறும் தண்ணீரில் காட்மியம் இருப்பதாக இயந்திரம் சொன்னது. இத்தனை மாதம் சொல்லாதது, இப்போது சொன்னது. அமிலத்தை மாற்றினோம். குடுவைகளை மாற்றினோம். வடிநீர்க் கேனை மாற்றினோம். என் பவுடரை நான் என்றைக்கோ நிறுத்திவிட்டேன். காட்மியம் நகரவில்லை. நிபுணர் வந்து பார்த்தால் ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கண்ணை மூடினால் சாலைக் கடைத்தெருவும், வெயிலும், அந்த மஞ்சள் ஸ்டூலும் தெரிந்தன. மணியண்ணன்தான் ஆறுதல் சொன்னார்:

"ஒந்நும் இல்லாத்த வெள்ளத்தில் இத்ரயும் உண்டெங்கில், சாரே, தோட்டிலெ வெள்ளமல்லே நல்லது?"

பாத்திரம் கழுவியவன்

நிபுணர் வருவதற்கு முந்தின நாள். குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டு எடுத்து, வடிநீரை மக்கில் மொண்டு ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா கொடுத்த அதே சிவப்பு மக். கழுவி முடித்ததும் ஜன்னல் விளிம்பில் வைப்பது வழக்கம், அங்கே நல்ல வெயில் அடிக்கும். அன்று அதைத் துடைத்த வெள்ளைத் தாளில் லேசாக ரோஸ் நிறத்தில் பொடி ஒட்டியது. அந்தப் பொடியை எனக்குத் தெரியும். கடற்கரையில் வெளுத்துக் கிடக்கும் துண்டுகளைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அதே பொடி. மக்கைத் திருப்பிப் பார்த்தேன். வெயில் படாத பக்கம் புது மணப்பெண்ணின் புடவை மாதிரி இருந்தது, வெயில் பட்ட பக்கம் வெளிறிப்போயிருந்தது.

டீச்சரைக் கூப்பிட்டேன். மக்கில் வடிநீரும் துளி அமிலமும் ஊற்றி வைத்துவிட்டு, சாயங்காலம்வரை இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அந்தத் தண்ணீரைக் கொடுத்ததும் இயந்திரத்தின் முள் துள்ளியது. புதிதாக இருந்தவரை மக் சமர்த்தாகத்தான் இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் வெயிலும் அமிலமும் பட்டுத் தோல் உரிந்த பிறகு, உள்ளே வைத்திருந்ததைக் கக்கத் தொடங்கியிருக்கிறது. தோட்டில் எது நடக்கிறதென்று நாங்கள் நிரூபிக்கப் பாடுபட்டோமோ, அது எங்கள் ஜன்னலிலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அங்கே சேர்ந்த பிறகு முதல் முறையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கள்ளனெக் கொண்டு தன்னெயாணல்லோ நம்மள் பாத்திரம் கழுகிச்சது!"

நிபுணர்

நிபுணர் சென்னைக்காரர், சிரிக்காதவர் என்று பெயரெடுத்தவர். டீச்சர் கெட்டுப்போன அளவுகளை மறைக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டோம் என்று முதலிலேயே சொன்னார். அப்புறம் மேசைமேல் பழைய மக்கையும், அன்று காலை மாமா கடையிலிருந்து நான் வாங்கி வந்த அதே ரகப் புது மக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஊறிய தண்ணீரை இயந்திரத்துக்குக் கொடுத்துக் காட்டினார். புதியது வாயைத் திறக்கவில்லை. பழையது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.

நிபுணர் பழைய மக்கைக் கையில் எடுத்தார். திருப்பினார். விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. போச்சு, ஸ்டூல்தான் என்று நான் முடிவுகட்டினேன். டீச்சரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, பக்கத்துல எஸ்.டி.டி. பூத் எங்க இருக்கு? எங்க லேப்லயும் இதே மக்தான் கெடக்கு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்

ப்ராஜெக்ட் நீட்டிக்கப்பட்டது. என் 'தற்காலிக'மும் நீண்டது. இனிப்பு வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். பயம் தெளிந்ததால், முதல் முறையாக அந்த மஞ்சள் ஸ்டூலில் தைரியமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது என் கறுப்புப் பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க மஞ்சள் பொடி. எத்தனை வருட வெயில்! டீச்சர் பார்த்தால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார். ஆய்வகத்துக்கு இதைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

மாமா ஏன் எதற்கு என்று துருவினார். நான் மக்கின் கதையை முழுதாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே சங்கடமாகிவிட்டது. சோறு போட்ட மனிதர். அவர் சாமானில் விஷம் என்று அவர் கடையிலேயே நின்று சொல்கிறேன். அத்தையும் நீங்களும் என்றைக்காவது இதில் தண்ணீர் குடித்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன் மாமா என்றேன். மாமா லட்டை வாயில் போட்டபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாசலில் பக்கெட் கேட்டு வந்த அம்மாளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வீட்டுல எவம்லே பிளாஸ்டிக்குல தண்ணி குடிக்கான்? இது விக்கதுக்குள்ள சாமானுல்லா!"

நான் ஸ்டூலைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன், அப்போதுதான் உறைத்தது: மாமா விற்றதையே இத்தனை நாளும் பொறுக்கிக்கொண்டிருந்த நான், குடும்பத் தொழிலை விட்டு எங்கேயும் போய்விடவில்லை.