ஆட்டுக்கயிறும் காரின் அடித்தகடும்

கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தின் நட்டநடுவில், என் காருக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம்!

பக்கத்து இருக்கையில் ஐயர். நாரந்தனையில் என் தங்கையின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பூசை செய்ய வந்தவர். நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் அவருடைய பொறுப்பு. அங்கே உதவிக்கு இருப்பவருக்குக் காய்ச்சல். இவர் போய்ச் சேராவிட்டால் மாலைப் பூசை இல்லை, விளக்கும் எரியாது. புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையில் நிற்பதோ நயினாதீவுக்கான கடைசிப் படகு. "நான் கொண்டுபோய் விடுறன் ஐயா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன்... நான்தான்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரியும். 

ஒரு கிழமையாகக் காருக்கு அடியில் 'கடகட' சத்தம். எக்ஸோஸ்ட் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்க ஒரு தகடு இருக்கிறதல்லவா? உப்புக்காற்றில் அதன் போல்ட் துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. கராஜுக்குப் போக யாருக்கு நேரம்? அன்று காலை, ஆடு கட்டும் நைலோன் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, தகட்டை இழுத்துக் கட்டினேன். எங்கள் தீவுகளில் படகு, வேலி, படலை எல்லாம் அந்தக் கயிற்றில்தானே நிற்கின்றன! சத்தமும் நின்றது. மனைவியிடம் பெருமையடித்தேன் — அதுதான் கொடுமை.

காரை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். கறுப்புப் புகை. கயிறு உருகிக் குழாயில் ஒட்டிக் கிடந்தது. தகட்டின் ஒரு பக்கம் றோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னத்தாலை கட்டினனீர்?" ஐயர் கேட்டார்.

"நைலோன் கயிறு, ஐயா..."

"சூட்டுக் குழாயிலையோ?"

நான் காலால் தகட்டைத் தட்டிப் பார்த்தேன்.

"இப்பிடியே ஓட ஏலாதோ?"

"ஏலாது ஐயா. தகடு றோட்டிலை கொழுவினா எல்லாத்தையும் பிடுங்கிப்போடும்."

பின் இருக்கையில் என் சட்டை ஒரு கம்பி ஹாங்கரில் தொங்கியது. ஹாங்கரைப் பிரித்து நீட்டிக்கொண்டு கீழே படுத்தேன். ஒரு கையால் தகட்டைத் தூக்கி, மறு கையால் கம்பியைச் சுற்ற... சரிவரவில்லை. விரல் சுட்டது. தகடு மறுபடி விழுந்தது. படகு போய்விட்டால்?  பூசைக்கென்று முழுகிச் சுத்தமாக நிற்பவரிடம் 'ஒருக்காப் பிடியுங்கோ' என்று எப்படிக் கேட்பது?

பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி தாரில் படுத்தது.

"ஐயோ, வேண்டாம் ஐயா! முழுகினனீங்கள்..."

"நான் திரும்ப முழுகலாம் தம்பி. படகு திரும்ப வராது. நீர் கம்பியைச் சுத்தும்!"

சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு தகட்டை மேலே அழுத்தினார். நான் கம்பியை முறுக்கினேன்.

மடத்துவெளி தாண்டும்வரை இருவரின் காதும் காருக்கு அடியில். துறையில் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ! ஐயா வாறார்!" — கத்தியதில் என் தொண்டை கட்டிவிட்டது. கறுத்த வேட்டியோடு அவர் ஏறினார்.

சத்தம் நின்றால் பிழையும் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். காரில் மட்டுமா? வீட்டில் மனைவி பேசாமல் இருந்தாலும் அப்படித்தானே!

இருட்டும் நேரம் போன் அடித்தது. ஐயரின் இலக்கம். பேச்சில்லை, கோயில் மணியோசை மட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தகட்டுக்கு இப்போது புது போல்ட். மிச்சக் கயிறு? ஆட்டுக்கே!