சித்தி வீட்டு பாஸ்தா

அதியமான்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் கொழுந்தனார் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவி கவிதா பாலும் சீஸும் சேர்த்துச் செய்யும் பாஸ்தா என்றால் என் மகள் யாழினிக்கு உயிர். அவள் அங்கே சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன ஞாயிறு நானே செய்யத் தொடங்கினேன். யாழினி என்னருகே தரையில் உட்கார்ந்து சீஸ் துருவினாள்.

"சித்தி ஓட்டைக் கூடையில கொட்டித்தாம்மா வடிப்பாங்க."

"இத்தனை வருசமா சோறு வடிக்கிறேன். உங்க சித்தி எனக்குச் சொல்லித் தரணுமாடி?"

பாஸ்தா வெந்ததும் பாத்திரத்தை இறக்கி, மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்தேன்.

"யாழினி, பூ வெச்சுக்க வா கண்ணு!" என்று வாசலில் கவிதா கூப்பிட்டாள். இவள் எழுந்து ஓடினாள். அந்த ஓட்டம் எனக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று சாய்த்தேன். பாஸ்தா மொத்தமாகச் சரிந்து மூடியைத் தள்ள, யாழினி உட்கார்ந்திருந்த இடமெல்லாம் கொதிநீர்.

கவிதா அப்போது கூப்பிடாமல் இருந்திருந்தால்?

இப்போது ஓட்டைக் கூடை வாங்கிவிட்டேன். வடிக்கும்போது யாழினியைச் சமையலறைக்குள் விடுவதில்லை. செய்முறையையும் கவிதாவிடமே கேட்டுக்கொண்டேன்.

"இதைக் கேக்க இவ்ளோ நாளாங்க்கா?" என்று சிரித்தாள்.

வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் வாசலில் அவள் குரல் கேட்டால், "போய்ட்டு வாடி" என்று நானே மகளை அனுப்பிவிடுகிறேன்.