பர்வதமலைக்குக் கிளம்பிய டீச்சர்கள்

பதினோரு வருடங்களாக நான் மலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். இமயமலை எப்படி மடிந்து எழுந்தது என்று கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் வரைந்து அசத்திவிடுவேன். நானாக ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் வீட்டுப் பரண்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலாண்டுத் தேர்வு சமயம். ஆசிரியர் அறையில் மூன்று பேர் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். கணக்கு டீச்சருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்து, தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளும் ஒரு மாதமாகக் கோயில் குளத்தைச் சுற்றி நடந்து வெறுத்துப் போயிருந்தாள்.

"செக்கு மாடு மாதிரி சுத்திண்டு இருக்கேன். எதிர்ல வர்றவா எல்லாம் என் பொண்ணோட ஜாதகத்தைக் கேக்கறா. ஜாதகம் கேக்க முடியாத இடமா, மூச்சு வாங்கற மாதிரி எங்கயாவது நடக்கணும்" என்றாள்.

"மலைக்குப் போயேன்" என்றேன், விளையாட்டாக.

விளையாட்டு டீச்சர் தலையை நிமிர்த்தினாள். ராயப்பேட்டைக்காரி, எங்களைவிடப் பத்து வயது இளையவள், கழுத்தில் எப்போதும் விசில். "நான் கூட்டினு போறேங்க்கா. காலேஜ்ல மலையெல்லாம் ஏறினவ நானு."

எந்த மலை என்பதில் ஒரு வாரம் போயிற்று. திருப்பதிக்கு நடந்தே ஏறலாம் என்றேன். "சர்க்கரைக்காரியை லட்டு இருக்கிற இடத்துக்குக் கூட்டிண்டு போறியே, நீ மனுஷியா?" என்றாள் கணக்கு டீச்சர். கொடைக்கானலுக்குப் புது ஜோடிகள்தான் போகும் என்று விளையாட்டு டீச்சர் தள்ளிவிட்டாள். கடைசியில் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் பர்வதமலை என்று முடிவாயிற்று. அங்கே உச்சிக்குக் கீழே நெட்டுக்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி வைத்திருப்பார்கள். அவற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று தென்மாதிமங்கலம் பக்கம், இன்னொன்று கடலாடி பக்கம். பள்ளி அலமாரியிலிருந்து சம உயரக்கோட்டு வரைபடம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தேன். கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்து. என் கண்ணுக்குக் கடலாடிப் பக்கம்தான் நெருக்கமாகத் தெரிந்தது. "கஷ்டமான வழிதானே கேட்டே? இதோ" என்று விரலால் தட்டினேன். ஏறப்போவது விரல் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பாண்டி பஜாரில் ஷூ வாங்கப் போனேன்.

"பொண்ணு எந்த கிளாஸ் படிக்குதுங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளிப் பையன்கள் போடும் வெள்ளை கான்வாஸ் ஷூவை எடுத்து வைத்தார். முப்பத்தெட்டு வயதில், புடவைக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். மறுபடி தூக்கிக்கொண்டார்.

கணக்கு டீச்சரின் தங்கை தி.நகரில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தாள். தினமும் பள்ளி விட்டதும் அங்கே போய்ப் படி ஏறினோம். கனத்துக்காக நான் பையில் பழைய அட்லஸ்களை நிரப்பிக்கொண்டேன். முதல் நாளே வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னாம்மா, லிப்ட்டு நல்லாத்தான ஓடிக்கினு கீது? எதுக்குப் படில போறீங்க?"

"பயிற்சி."

"பையில இன்னா?"

"புக்கு."

"புக்கு விக்கிறவங்கள உள்ள வுடக் கூடாதுன்னு செக்கரட்டரி சொல்லிக்கிறாரு."

தங்கை கீழே வந்து, இவர்கள் விற்பதற்கு வரவில்லை, கிறுக்குப் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று விளக்கிய பிறகுதான் விட்டார்.

மூன்றாவது வாரம் முதல்முறையாக மொட்டை மாடி வரை ஏறினோம். நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவரோரம் போய்க் காற்று வாங்கினோம். விளையாட்டு டீச்சரைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, எனக்கு உயரம்னாவே ஒதறும்."

"காலேஜ்ல ஏறின மலை?"

"பரங்கிமலைக்கா. அதுவும் வேன்ல."

எனக்கு வந்த கோபத்தில் அட்லஸால் ஒன்று போட்டிருப்பேன். கணக்கு டீச்சர் நிதானமாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தெனம் ஒரு அடி சுவர் பக்கமா வா. வர்றச்சே பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு. உனக்குத் தெரிஞ்ச கணக்குக்கு, அதைச் சொன்னா பயப்பட மூளைல எடமே இருக்காது."

இரண்டு மாதத்தில் அவள் சுவர்மேல் சாய்ந்து நின்று, கீழே இருந்த வாட்ச்மேனைப் பார்த்து விசில் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அவர் அதற்குள் எங்களுக்குச் சிநேகிதமாகியிருந்தார். எந்த மலை என்று ஒருநாள் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது. போளூர்க்காரராம், எத்தனையோ தடவை ஏறியவராம்.

"கடலாடி பக்கம் வாணாம்மா. மொத தபா போறவங்க தென்மாதிமங்கலம் பக்கமா ஏறுங்க, படி கீது. இருட்டு பிரியறப்பவே கெளம்பிடுங்க. பாறையில ஷூ வய்க்கும், கயட்டிடுங்க."

"வரைபடத்துல பார்த்துத்தான் வழி எடுத்திருக்கோம்" என்றேன், விறைப்பாக.

"அதுல தண்ணி எங்க கெடைக்கும்னு போட்டுக்குதா?"

போடவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று வாக்கெடுப்பில் தோற்றேன்.

பொங்கல் விடுமுறையில் பாரிமுனையிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். படிகள் சுலபமாகவே போயின. எட்டு மாடி வீண் போகவில்லை. பாறை வந்தது. தன் கணவரின் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வந்திருந்த கணக்கு டீச்சர் முதலில் ஏறினாள். அடுத்து விளையாட்டு டீச்சர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு" என்று முனகியபடி. நான் மூன்றாவது கடப்பாறையில் கால் வைத்துக் கீழே பார்த்தேன். கரும்பலகையில் பள்ளத்தாக்கு அப்படி இருந்ததே இல்லை. சங்கிலியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பைகளைப் பார்த்துக்கறேன்" என்று இறங்கினேன்.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொள்கிற நேரத்தில் ஒரு குரங்கு மூன்று பேருடைய புளியோதரையையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

அவர்கள் இறங்கி வந்ததிலிருந்து பஸ் தாம்பரம் தாண்டும் வரை உச்சியைப் பற்றியே பேசினார்கள். பொறாமையில் நான் தூங்குவதுபோல நடித்தேன். பள்ளியில் கேட்டவர்களிடம் "அருமையான மலை" என்றேன். அது பொய்யில்லை. எதுவரை ஏறினேன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் மறுபடி போனோம். இந்தத் தடவை என்னை நடுவில் விட்டுக்கொண்டார்கள். மேலேயிருந்து ஒருத்தி திட்ட, கீழேயிருந்து ஒருத்தி திட்ட, அழுதுகொண்டே ஏறிவிட்டேன். உச்சியில் ஒரே மூடுபனி. வயல், ஏரி ஒன்றும் தெரியவில்லை. ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். எனக்கு மட்டும் அங்கிருந்து இறங்க மனமே இல்லை.