அரை நொடி முந்தி வரும் குரல்

எங்கள் காலனி ஏரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சூரியன் மறைகிற அழகில் ஆரம்பிப்பார்கள். நான் நாற்றத்தில் ஆரம்பிக்கிறேன். வெயில் காலத்தில் அது ஐந்தாவது மாடி வரைக்கும் ஏறி வரும். பால்கனியில் காயப்போட்ட துணியில் ஒட்டிக்கொள்ளும். குளிர் வந்தால் கொஞ்சம் அடங்கும். அப்படி அடங்குகிற சமயம் பார்த்துத்தான் காலனிக்காரர்கள் ஏரிக்கரையில் கலை விழா வைப்பார்கள். பாட்டு, நடனம், படம் வரைதல், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். விழா முடிந்த மறுநாள் காகிதத் தட்டெல்லாம் ஏரிக்குள் மிதக்கும். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். கணவருக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தோம். நான் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் சரக்கு அனுப்புகிற வேலை பார்த்தேன். லாரிக்காரர்களோடு கத்திக் கத்தி என் தொண்டை இப்படிக் கரகரப்பாக ஆகிவிட்டது. அவருக்குக் கத்தவே வராது. பாட ஆசை மட்டும் நிறைய. பாடவும் வராது.

எதிர் பிளாக்கில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். தெலுங்குக்காரர். ஏரியைத் தாயாக நினைத்து ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டார். விழாவில் பாடுவதற்குக் காலனியில் ஆள் சேர்த்தார். முதல் ஆளாகப் போய் நின்றது என் கணவர். ஆபீஸ் விட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, "அம்மிணி, போய்ட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போவார்.

அந்தப் பாட்டில் பல்லவி முடிந்ததும் கீபோர்டு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடும். அது முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து "செருவம்மா" என்று எடுக்க வேண்டும். செருவு என்றால் தெலுங்கில் ஏரி. இவர் மட்டும் அரை நொடி முந்தி எடுத்துவிடுவார். தனியாக ஒரு "செருவம்மா". அதன் பின்னால்தான் மற்றவர்களின் "செருவம்மா" வரும். எத்தனை முறை பாடினாலும் அதே கதை.

"அன்னய்யா, ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கே வரல. நீங்க அதுக்குள்ள இறங்கிட்டீங்க" என்று கூடப் பாடுகிறவர்கள் தெலுங்கில் கிண்டல் செய்வார்கள்.

"நான் என்ன பண்றது? அது வாய்க்குள்ளயே நிக்க மாட்டேங்குது" என்று இவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஏரிக்கரையில் காற்று அடிக்கும். ஜெனரேட்டர் சத்தம் வேறு. பாடுகிறவர்களோ சுமாரானவர்கள். அதனால் டீச்சரம்மா ஒரு யோசனை செய்தார். காலனியின் சமுதாயக் கூடத்தில் வைத்துப் பாட்டை முன்பே பதிவு செய்துகொண்டார். விழாவில் அந்தப் பதிவு ஸ்பீக்கரில் ஓடும், மேடையில் இவர்கள் கூடவே பாடுவார்கள். யாராவது சுருதி விட்டாலும் வெளியே தெரியாது. அதற்கு எல்லோரும் ட்ராக் என்று பெயர் சொன்னார்கள். பதிவு செய்த அன்றும் என் கணவர் முந்திக்கொண்டார். மறுபடி எடுக்க நேரமில்லை. மதியம் கூடத்தில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். பலூன்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "பரவாயில்லை, விடுங்க" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு விழாவில் பாடினார்கள். அந்த இடம் வந்ததும் கூட்டம் சிரித்தது. நான் குழிப்பணியாரக் கடை போட்டு நின்றிருந்தேன். சிரிப்புதான் எனக்குக் கேட்டது. அதற்கு மேல் கேட்க விடாமல் ஆட்கள் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த விழா வருவதற்குள் அவர் இல்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் விழுந்தார். ஆம்புலன்ஸ் காலனி கேட்டுக்குள் நுழைந்தபோதே எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு வந்த விழாவில், துக்க வீடு, நான் எதுவும் செய்ய வேண்டாம் என்று காலனியில் சொன்னார்கள். எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. வழக்கம்போல அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை போட்டேன். பணியாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"செருவம்மா."

ஸ்பீக்கரில் வந்தது. ஏரியைத் தாண்டி எதிர்க்கரை அடுக்குமாடிகளில் பட்டு மறுபடி வந்தது. மேடையில் அவர் நிற்கிற இடத்தில் வேறு யாரோ நின்றிருந்தார்கள். தெரிந்தவர்கள் சிலர் பழக்கத்தில் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பணியாரம் கருகி, பக்கத்துக் கடைக்காரர்தான் அடுப்பை அணைத்தாராம்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இந்த ஆண்டு ஒத்திகை ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் ஏரிக்கரைப் பூங்காவில் ட்ராக்கைப் போடுவார்கள். நான் பட்டறையிலிருந்து வந்து காபி போட்டுக் குடிக்கிற நேரம். பல்லவி காதில் விழுந்ததும் எழுந்து பால்கனிக் கதவைச் சாத்துவேன். கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டியும் அந்த ஒரு வார்த்தை வரும். மற்றவர்கள் குரலெல்லாம் கும்பலாகக் கலங்கி வரும். இவர் குரல் தனியாக வருவதால் தெளிவாக வரும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். பாட்டு முடிந்திருக்கும் என்று நினைத்து வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். மறுபடி கூப்பிடுவார். நான் பதில் சொல்லப் போய் வாயை மூடிக்கொண்ட நாளும் உண்டு. ஐம்பத்தாறு வயதுக்காரி, காலி ஹாலில் நின்றுகொண்டு "என்னங்க" என்று கேட்க வாயெடுத்தேன். இதை வெளியில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

கடைசி ஒத்திகை நடந்த அன்று பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நிறுத்துங்க அதை. செத்தவரை வெச்சு இன்னும் எத்தனை வருசத்துக்குப் பாட்டுப் பாடுவீங்க?"

டீச்சரம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வதினா, ஏமனுகோகண்டி. தப்பா நினைக்காதீங்க. அவர் எங்ககூடவே இருக்கற மாதிரி எங்களுக்கு இருக்கு. மரியாதைக்குத்தான் அதை அப்படியே வெச்சிருக்கோம்."

"உங்ககூட இருக்காரு, சந்தோசம். என்கூட இல்லியே. எனக்கு அவரு வேணும், இல்லாட்டி சத்தமே வேண்டாம். நடுவுல ஒத்த வார்த்தை மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதுவும் கோபமாக வந்தது. என் துக்கத்துக்கு அவரை நான் சமாதானப்படுத்த வேண்டுமா? வேறு ட்ராக் இல்லை, விழா மறுநாள், கீபோர்டுக்காரரும் ஊரில் இல்லை என்றெல்லாம் சொன்னார்கள். கேட்காமல் மேலே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே கொண்டாப்பூரிலிருந்து என் மகன் வந்தான். அவனுக்கு அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. யாரோ போன் செய்திருக்கிறார்கள். இங்கேயே படித்து வளர்ந்தவன். நான் தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷிலும் பாதி தெலுங்கிலும் பதில் வரும்.

"அம்மா, சிம்பிள் மா. டாடியோட அந்த ஒரு வேர்டு மட்டும் கட் பண்ணிடலாம். நோ ஒன் வில் நோட்டிஸ்."

"பண்ணு போ" என்றேன்.

மறுநாள் காலையில் மேடைக்குப் பின்னால் சவுண்டுக்காரரின் லேப்டாப்பில் அவரும் மகனும் உட்கார்ந்தார்கள். பாட்டில் வேறு இடத்தில் இருந்த கீபோர்டை எடுத்து இவர் குரல் இருந்த இடத்தில் ஒட்டினார்களாம். காபி ஆறுவதற்குள் மகன் மேலே வந்துவிட்டான்.

"டன் மா."

"உங்கப்பனை வெட்டிப்போட்டு டன்னுங்கற."

"நீதானே மா சொன்ன?"

நான்தான் சொன்னேன். அவன் என் காபியை எடுத்துக் குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் விழா. ஏரியைச் சுற்றி விளக்குகள். கம்பி வேலியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்த ஏரிகள் தொங்கின. எல்லா ஏரியும் நீல நிறம், எல்லாவற்றிலும் வாத்து. நிஜ ஏரியில் ஆகாயத்தாமரை தவிர ஒன்றும் கிடையாது. ஐ.டி. பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து மேளம் தட்டினார்கள். ஒரு பெரியவர் தக்கனி உருதுவில், மனைவிக்குப் பயந்து ஏரியில் குதிக்கப் போனவன் நாற்றத்துக்குப் பயந்து வீட்டுக்குத் திரும்பிய கதையைக் கவிதையாகச் சொன்னார். "ஹவ், ஹவ்!" என்று கூட்டம் ஆமாம் போட்டுக் கத்தியது. நான்கூடச் சிரித்தேன். இந்த முறை கடை போடவில்லை. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையை வெட்டி எடுத்தாயிற்று, இனி ஓட வேண்டியதில்லை என்ற தைரியம்.

டீச்சரம்மாவின் குழு ஏறியது. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். பல்லவி நன்றாகவே போனது. கீபோர்டு தனியாக ஓடியது. முடிகிற இடம் வந்தது.

ஒருவரும் எடுக்கவில்லை.

மேடையில் நின்றவர்கள் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார்கள். எதற்கோ காத்திருந்தார்கள். ட்ராக்கில் இருந்த அவர்கள் குரல் மட்டும் அவர்கள் இல்லாமலே "செருவம்மா" என்று பாடிக்கொண்டு போனது. இரண்டு பேர் அவசரமாகப் பின்னால் ஓடிப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒருவர் வரியை மாற்றிப் பாடினார். அதற்குள் பாதிப் பேர் திரும்பி, பின்வரிசையில் இடது ஓரத்தைப் பார்த்தார்கள். அவர் நிற்கிற இடம் அது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவரைக் கிண்டல் செய்துகொண்டே இத்தனை நாளும் இவரைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

டீச்சரம்மா கையைக் காட்டினார். பாட்டை நிறுத்தினார்கள். தொகுத்து வழங்கிய பெண் மைக்கில் "ஸ்மால் டெக்னிகல் பிராப்ளம்" என்றாள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மேடையின் விளிம்புக்கு வந்து டீச்சரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் குனிந்தபடி நாற்காலிகளுக்கு நடுவே ஓடி வந்தான்.

"அம்மா, பழைய ட்ராக் லேப்டாப்ல அப்படியே இருக்கு. டீச்சர் உன்னைக் கேக்காம போட மாட்டாங்களாம். ஏம் சேத்தாம்? என்ன பண்ணலாம்? நீ வேண்டாம்னா பாட்டையே கேன்சல் பண்ணிடறாங்க."

மேடையில் அத்தனை பேரும் வேலைக்குப் போய் வந்து, ஒரு மாதமாக நின்று பாடியவர்கள். அவரோடும் நின்று பாடியவர்கள். அவர்களுக்காகச் சரி சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். அவர் குரல் இல்லாத அந்தக் காலி இடத்தை நானும் கேட்டேன். குளியலறைக் குழாய்ச் சத்தத்தை விட அது மோசமாக இருந்தது.

"போடு. போட்டுத் தொலை."

மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பல்லவி. கீபோர்டு. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மகன் என் பின்னால் நின்றிருந்தான்.

"செருவம்மா."

தனியாக, முந்திக்கொண்டு. பின்னாலேயே இருபது பேரும் சரியாக வந்து விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. எதிர்க்கரையிலிருந்து அவர் குரல் திரும்பி வந்தபோது பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாட்டை அந்த வார்த்தைக்குப் பிறகு நான் கேட்டதே கிடையாது. இன்னொரு சரணம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. மறுபடி கீபோர்டு தனியாக ஓடியது. மறுபடி அதே மாதிரி முடியப் போகிறது. மறுபடி வருவார். இந்த முறை நான் தயாராக இருந்தேன். முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

எல்லோரும் ஒன்றாக எடுத்தார்கள். முந்திக்கொண்டு யாரும் வரவில்லை.

பாட்டு முடிகிற வரைக்கும் தேடினேன். பெண்கள் குரல் தெரிந்தது, கீழ் வீட்டுக்காரரின் கட்டைக்குரல் தெரிந்தது. இவரைக் காணவில்லை. கைத்தட்டல் அடங்குவதற்குள் மகன் பக்கம் திரும்பினேன்.

"ரெண்டாவது தடவை அவரு பாடலியா?"

"பாடினார் மா. காலைல எடிட் பண்ணும்போது ஃபுல்லா கேட்டேன்."

"எனக்குக் கேக்கலியே."

"அங்க கரெக்டா எடுத்துட்டார் மா" என்றான். "எல்லார்கூடவும் சேர்ந்து."

மேடையில் அடுத்து நடனமாட வந்த குழந்தைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். இப்போதெல்லாம் சாயங்காலம் காபி போட்ட பிறகு அதைப் போடுகிறேன். முதல் சரணத்தை விரலால் தள்ளிவிட்டு, இரண்டாவது சரணத்துக்குப் போகிறேன். காதோடு வைத்துக் கேட்கிறேன். இதுவரை அவர் குரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை.