லீவு நாள் மாத்திரை

மெம்ஃபிஸ் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டிய வெர்லீனுக்கு பிரஷரால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அங்கே மாதத்துக்கு ஒரு பயிற்சி டாக்டர் மாறுவார். ஆனால் ஃபைலில் எழுதிவைத்துவிட்டுப் போவது மட்டும் மாறாது: ‘பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்.’ அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மாதம் வந்த கேட்லின் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். “ஏன் போடல, மிஸ் வெர்லீன்?”

“இத்தன வருஷத்துல நீதான் கண்ணு மொதல்ல கேக்குற. அதப் போட்டா அரைமணிக்கு ஒருதடவ ஒண்ணுக்கு முட்டும். ஒன்றரை மணி நேர ரூட்டுல பஸ்ஸ எங்க நிறுத்துறது? உள்ள இருக்குற நாப்பது பேரும் என்னப் பிச்சுத் தின்னுடுவாங்க. அதான் லீவு நாள்ல மட்டும் போட்டேன்.”

கேட்லின் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். “இப்போ ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீங்க?”

வெர்லீன் சிரித்தாள்.

“இப்பவா? சிகாகோ வரைக்கும் நிறுத்தாமயே ஓட்டுவேன். ஒரு சொட்டுகூட வர்றதில்ல.”