சீர்ப் பானையில் டோஃபு

காலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பித்தளைப் பானைக்குள் பால் ஓரமாக ஒதுங்கி, நடுவில் மஞ்சள் கலந்த தண்ணீர் தெரிந்ததைத்தான் முதலில் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கையின் புது வீடு. பால் காய்ச்சும் நேரம். சமையலறையிலும் வாசல்படியிலுமாக உறவினர்கள் நெருக்கி நின்றார்கள். பால் பொங்கியதும் போடுவதற்குச் சர்க்கரைக் கிண்ணத்தோடு தங்கை காத்திருந்தாள். பால் பொங்கவில்லை. சின்னத் துணுக்குகளாகப் பிரிந்தது, பிறகு மொத்தமாகத் திரிந்தது.  எனக்கு அந்தக் காட்சி புதிதில்லை. முந்தின நாள் மதியம் இதே பானைக்குள் இதையே பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் வார இணைப்பின் சமையல் பக்கமும் என் மேசைக்கு வரும். சோயாவில் செய்யும் ஜப்பானிய டோஃபு செய்முறை ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். 'வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம்' என்று தலைப்பும் வைத்தேன். அதுவரை டோஃபுவை நான் கையால் தொட்டதுகூட இல்லை. வாசகி ஒருவர் தொலைபேசியில், "நீங்க செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "பாத்தோமே" என்று பன்மையில் பதில் சொன்னேன். ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்த பிறகு அதைச் செய்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. புதுமனை விருந்துக்குக் கொண்டுபோனால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள் என்ற ஆசையும் இருந்தது.

ஜப்பானில் கடல் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஊற்றித்தான் சோயாப் பாலைத் திரிய வைப்பார்கள். அது இங்கே கிடைக்காது. பேதி உப்பும் அந்த வேலையைச் செய்யும் என்று படித்திருந்தேன். மருந்துக் கடையில் கேட்டேன்.

"பேதி உப்புலாம் இப்ப யாரு வாங்குதா? மாத்திரை தாரேன், காலையில சரியாயிரும்" என்றார் கடைக்காரர்.

"சமையலுக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சோயா முந்தின இரவே ஊறியிருந்தது. பயறைப் பிதுக்கினால் இரண்டாகப் பிளந்து உட்புறம் தட்டையாக இருந்தது, பதம் அதுதான். மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்தேன். பச்சை வாடை வீடெல்லாம் நிறைந்தது. அடுப்பில் வைத்ததும் நுரை நான் எழுதியிருந்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எழும்பி, பாத்திரத்தைத் தாண்டி பர்னரை அணைத்துவிட்டது. தனியாக இருப்பவள் வீட்டில் ஆழமான பாத்திரம் ஏது? இருந்தது ஒன்றுதான். தங்கைக்குச் சீராகக் கொடுக்க வாங்கி, மஞ்சள் கயிறு கட்டி பீரோ மேல் வைத்திருந்த பால் பானை.

பெற்றோர் இல்லை. மூத்தவள் நான். புது வீட்டில் முதலில் அடுப்பேறும் பானை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், அதுவரை அதில் எதுவும் காய்ச்சக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அது தெரியும். கயிற்றை அவிழ்த்தேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாக வந்தது. வடிகட்ட பேண்டேஜ் துணி எடுத்தேன். பக்கத்துத் தெருவில் தறி வைத்திருப்பவர்கள் கொடுத்த துண்டு. எங்கள் ஊரில் அது இல்லாத வீடு குறைவு. கொதிக்கக் கொதிக்கப் பிழிந்ததில் உள்ளங்கை சிவந்தது. பாலை மறுபடி சூடாக்கி இறக்கி, எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பால் ஓரமாக ஒதுங்கி, நடுவே மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்தது. அதே துணியை ஓட்டை போட்ட டப்பாவில் விரித்துத் திரிந்ததை ஊற்றி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். மாலையில் எடுத்தபோது ஒரு மூலை உடைந்திருந்தது. லேசாகப் புளித்தது. ஆனாலும் கத்தி வைத்தால் துண்டு விழுந்தது. வில்லையாக நறுக்கி டப்பாவில் அடுக்கினேன்.

பானையின் அடி பிடித்திருந்தது. எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, புளி போட்டுத் தேய்த்து, அலசிக் கவிழ்த்தேன். காய்ந்ததும் புது மஞ்சள் பூசி, கயிற்றைப் பழைய முடிச்சு மாதிரியே கட்டினேன்.

இனி அந்தச் சமையலறை. பால் தங்கையின் மாமியாருடையது. அவர் மாடு வைத்து, பால்கோவா அடுப்புகளுக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் பால் திரிந்தது என்று ஒரு கடையும் சொன்னதில்லை. புது வீட்டில் தொழுவத்துக்கு இடம் இல்லை என்று குடிவர மனமில்லாமல் இருந்தவரும் அவர்தான். அது வந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய ஓரகத்திதான் முதலில் வாய் திறந்தார். "மாட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னிய அக்கா. இப்பம் பாலும் வரமாட்டேங்குது."

யாரோ சிரித்தார்கள். ஓரகத்தி விடவில்லை. "மனசுல என்ன நெனச்சுக் கறந்தியளோ."

மாமியார் காலி கேனைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். மூடியையும் முகர்ந்தார். தன் பாலையே சந்தேகப்பட்டு அவர் முகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கை மாமியாரைப் பார்த்த பார்வையையும் பார்த்தேன். அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

பானையின் வாய் விளிம்பு உட்பக்கமாகச் சுருட்டி விடப்பட்டிருந்தது. சூட்டைப் பார்க்காமல் அந்தச் சுருளுக்குள் விரலை விட்டுத் துழாவி நாக்கில் வைத்தேன். புளிப்பு.

"அத்தை, பால் மேல தப்பில்ல" என்றேன். "நேத்து இந்தப் பானையில நான் டோஃபு செஞ்சேன். எலுமிச்சம்பழம் ஊத்தி."

"என்னது செஞ்சிய?" என்றார் தங்கை கணவரின் சித்தப்பா, ஓய்வு பெற்ற ஏட்டு.

"டோஃபு. சோயாவுல. ஜப்பான்ல செய்வாங்க."

"மீல் மேக்கரா?"

"இல்ல, பால்கட்டி மாதிரி."

"சரி, ஸ்பாட்லயே ஒத்துக்கிட்டாவ. கேஸ் முடிஞ்சது" என்றார் ஏட்டு. இந்தத் தடவை நிறையப் பேர் சிரித்தார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. "நேத்துக் கயிறு கட்டித்தானக்கா இருந்துச்சு? போட்டோ அனுப்புனியே" என்றாள், தாழ்ந்த குரலில். அனுப்பியிருந்தேன். கயிற்றை மறுபடி கட்டிய பிறகு எடுத்த படம் அது.

மாமியார் கேனைக் கீழே வைத்தார். "அது எங்க இருக்கு, அந்த டோபு?"

பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். மறைக்க வழியில்லை. அவர் ஒரு வில்லையை எடுத்து, விரலால் அமுக்கி, வாயில் போட்டு மென்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பாலே இல்லாத பால்கட்டிக்கு என் பாலக் காவு குடுத்திட்டியே தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட விலைக்குப் பால் கொடுக்க முடியாது என்று கடைக்காரரிடம் சொல்லும் குரலில்தான் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

டப்பாவை மூடி என் கையிலேயே கொடுத்தார். பானையை அவரே இறக்கிப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். பழைய வீட்டு அலுமினியச் சட்டியை எடுத்து வரச் சொன்னார். சட்டி வந்தது. கறந்த பாலில் கடைகளுக்குப் போனது போக மீதி முழுவதும் பானைக்குள் போயிருந்தது. மாடு இனி சாயங்காலம்தான் சுரக்கும்.

"நல்ல நேரம் போகுது. டீக்கடையில ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாலே" என்று மகனிடம் சொன்னார். அந்தக் குடும்பத்துக்குள் பாக்கெட் பால் வருவது அதுதான் முதல் தடவை என்று தங்கை பிறகு சொன்னாள்.

மகன் பைக்கில் போய் வந்தார். மாமியார் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்துச் சட்டியில் ஊற்றினார். காலி உறையை நான் வாங்கிக்கொண்டேன். பால் பொங்கியது. தங்கை சர்க்கரை போட்டாள்.

அன்று காலை கறந்தது திரிந்துபோக, பொங்கிய பாலின் உறையில் முந்தின நாள் தேதி இருந்தது.